அறையில் வேறு யார்?

என் மகளைத் தமிழில் எழுதச் சொன்னால், "நான் பள்ளிக்கூடம் போனேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பேனையை வைத்துவிடுவாள். பிரெஞ்சில் மட்டும் பக்கம் பக்கமாக எழுதுவாள். எனக்கு எரிச்சல் வரும். நாங்கள் குடியேறிய லாசாலில் தேவாலய மண்டபத்தில் நடக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்தான் டப்லெட்டில் ஒரு கதைச் செயலியைப் போட்டுக் கொடுத்தார்கள். பிள்ளை ஒரு வரி எழுதினால் அது ஒரு கேள்வி கேட்கும். பதில் எழுத எழுதக் கதை நீளும். அன்றிலிருந்து மகள் டப்லெட்டும் கையுமாகத்தான் இருந்தாள்.

நாலு மணிக்கே இருட்டிவிடும் மாதம் அது. கணவர் டோர்வலில் விமான நிலைய வேலையில் இருந்தார். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த நான் எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தாள். "அறையில் வேறு யார் இருக்கிறார்கள்?" என்று செயலி கேட்டிருந்தது. "அக்கா நிற்கிறா. அவவின் சட்டை நனைஞ்சிருக்கு" என்று எழுதியிருந்தாள்.

அவளுக்கு ஒரு அக்கா இருந்தாள். போருக்குத் தப்பி நாங்கள் மன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் படகேறியபோது கடலில் மூழ்கிப்போனாள். இவள் பிறப்பதற்குப் பல வருடம் முன்பு. இவளுக்குச் சொல்வதில்லை என்று நாங்கள் முடிவெடுத்திருந்தோம். வீட்டில் ஒரு படம்கூட இல்லை.

"ஆர் பிள்ளை அந்த அக்கா?"

"தெரியா. அது கேட்டது, நான் சொன்னன்."

கணவருக்கு போன் எடுத்து, அவள் எழுதியதை வாசித்துக் காட்டி, நீங்கள்தான் சொன்னீர்கள் என்று சண்டை பிடித்தேன்.

"நான் ஏன் சொல்லப்போறன்," என்றார். பிறகு, "என்ன நிறச் சட்டையாம்? கேட்டனீரோ?"

கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. பிள்ளை நாலு வரி தமிழ் எழுதட்டும் என்றுதானே ஆசைப்பட்டேன். டப்லெட்டைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டலாமா என்று யோசிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது: "அக்காவின் பெயர் என்ன?"

மகள் டப்லெட்டை என் பக்கம் தள்ளினாள்.

"இது எனக்குத் தெரியா. நீங்கள் எழுதுங்கோ அம்மா."

வாய்க்கு வந்த ஒரு பெயரை எழுதியிருக்கலாம். அப்படிச் செய்தால் அந்தப் பிள்ளையை இரண்டாம் முறையும் கடலில் விட்டதாக ஆகிவிடும் என்று பட்டது. கையைத் துடைத்துக்கொண்டு என் மூத்த மகளின் பெயரை எழுதினேன். சின்னவள் அதை உரக்க வாசித்தாள். இந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. எனக்கு அழுகையும் வந்தது, பயமும் வந்தது.

வாசித்துவிட்டு, அக்கா பதில் சொல்லட்டும் என்பதுபோல அவள் அறையைப் பார்த்துக் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன்.