நாலாவது பொட்டலம்

பேய் என்று யாராவது வாய் திறந்தால், முதலில் ஹீட்டர் குழாயைத் தட்டிப் பார்க்கிற ஆள் நான். டோர்ட்மண்டில் ஒரு மண்டபத்தைப் பார்த்துக்கொள்வது இருபது வருடமாக என் வேலை. கதவு அடித்தால் காற்று, சுவர் முனகினால் தண்ணீர், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கோ.

போன வசந்தத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம், டுசல்டோர்ஃபில் இருக்கிற ஜப்பான்காரர் சிலர் எங்கள் மண்டபத்துக்குப் பொம்மலாட்டம் போட வந்தார்கள். புன்ராக்கு என்பார்கள். நூலே கிடையாது. ஒரு பொம்மைக்கு மூன்று ஆட்கள்: தலைக்கும் வலது கைக்கும் ஒருவர், இடது கைக்கு ஒருவர், காலுக்கு ஒருவர். அதிலும் பெண் பொம்மைக்குக் காலே இல்லை, உடுப்பின் கரையைப் பிடித்தே நடக்க வைத்துவிடுகிறார்கள், வேடிக்கையைப் பாருங்கோ.

தலை பிடிப்பவர் கென்ஜி. அவருடைய அம்மா ஜப்பானிலிருந்து வந்து முன்வரிசையில் இருந்தார். மகன் தலை பிடித்து ஒருநாளும் பார்த்ததில்லை, மறுநாள் விமானம். அன்றைக்கென்று இடது கை பிடிப்பவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஆட்டமே இல்லை என்று கென்ஜி பொம்மையைப் பெட்டியில் வைக்கப் போனார். கதிரை அடுக்கிக்கொண்டிருந்த நான் சும்மா இருக்கமாட்டாமல், ஒரு கைதானே, நான் பிடிக்கிறேன் என்றேன். அடுத்த நிமிடம், ஆட்டுகிறவர்கள் தெரியாமலிருக்கப் போடுகிற கறுப்பு உடுப்பும் முக்காடும் என் மேல்.

"பொம்மையின் பிடரியைப் பாருங்கள். அது அசைகிற பக்கம் கையைக் கொண்டுவந்தால் போதும்" என்றார் கென்ஜி ஜெர்மனில்.

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். எனக்கு மேடை நேராகத்தான் இருந்தது, நான் பிடித்த கைதான் கோணியது. ஆனாலும் பொம்மை தலை சாய்த்தபோது சனம் மூச்சுவிட மறந்ததைப் பார்க்க வேண்டுமே, எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

கடைசியில் பொம்மை அந்த அம்மாவுக்கு ஒரு பூக் கொடுக்க வேண்டும். வலது கையில் குடை, ஆகவே பூ இடது கையில். அதாவது என்னிடம். பெற்ற தாய்க்கு இடது கையால் கொடுப்பதா? நினைத்தேனோ இல்லையோ, என் விரல்கள் அந்தக் கையை ஆட்டுகிற கோலை விட்டுவிட்டன. சத்தியமாக விட்டேன்.

அந்தக் கை விழவில்லை. மெல்லத் திரும்பி வலது கையைத் தேடிப் போனது. வலது கை குடையைக் கீழே வைத்தது. இரண்டு கையும் சேர்ந்து, குனிந்து, பூவை நீட்டின. அம்மா அழுதுகொண்டே சிரித்தார், மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது.

கென்ஜி என்னைக் கட்டிப்பிடித்தார். "இடது கை வழிகாட்டுவதை இன்றைக்குத்தான் பார்த்தேன். நான் உங்கள் பின்னால்தான் வந்தேன்."

என் மனைவி சாந்தி மட்டும், "வீட்டில ஒரு தேத்தண்ணி எடுத்துத் தர ஏலாது, இங்க ரெண்டு கையாலயும் பூக் குடுக்கிறியள்" என்றாள். நான் குடுக்கேல்லையப்பா என்றேன். ஓம் ஓம் என்று போய்விட்டாள்.

கிளம்பும்போது கென்ஜியின் அம்மா கறுப்பு உடுப்புக்காரருக்கென்று இனிப்புப் பொட்டலம் கொண்டுவந்தார். நாலு பொட்டலம். நாங்கள் மூன்று பேர்தான் என்று கென்ஜி சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. நாலாவதை இரண்டு கையாலும் என் இடது பக்கம் வெறும் இடத்தில் நீட்டி, தலை குனிந்து, சற்றுப் பொறுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அது இன்னும் என் சாவி அலுமாரியில் இருக்கிறது. பிரிக்கவும் மனமில்லை, எறியவும் மனமில்லை. காலையில் சாவி எடுக்கும்போது, என்னை அறியாமலே, இடது பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டுத்தான் நிற்கிறேன்.