துண்டு போட்ட சீட்டு

டேட்டாபேஸின் நினைவகம் நிரம்பும்போது எந்தத் தகவல் பக்கத்தை வெளியேற்றுவது என்று முடிவுசெய்யும் புரோகிராம் அது. அதை வேகப்படுத்திய எங்கள் டீமின் பேரிகை ஊர்ப் பெண், வேறொரு வேலைக்குப் பிடித்துவைத்திருப்பதால் வெளியேற்றக் கூடாத பக்கத்துக்கு, "இது துண்டு போட்ட சீட்டு" என்று கமெண்ட் எழுதியிருந்தாள். அதைச் சரிபார்க்க வேண்டிய எனக்கு எரிச்சல் வந்தது. "போட்ட ஆள் வராவிட்டால் துண்டை யார் எடுப்பது?" என்று கீழே எழுதிவிட்டு, ஓசூரில் பஸ் ஏறினேன்.

காலியாக இருந்த ஒரே சீட்டில் ஒரு துண்டு கிடந்தது. கிருஷ்ணகிரி வரை நின்றுகொண்டே போனேன், யாரும் வரவில்லை.

மறுநாள் கால் வலியை அவளிடம் புலம்பினேன்.

"எடுத்துப் போட்டுட்டு உக்காந்திருக்கலாமேண்ணா?"

"அடுத்தவங்க துண்டும்மா. எப்படி எடுக்கறது?"

மத்தியானம் அவள் கமெண்டில் ஒரு வரி கூடியிருந்தது: "ஆள் வராவிட்டாலும் எடுக்க மாட்டார்கள். சாட்சி: ரிவ்யூ செய்தவர்."