போணிக்கு முன் நீட்டிய கை

"சந்தா குடுக்கறவாளே ஊரைக் காலி பண்ணிண்டு போறா. நீ சின்னப் பொண்ணு, தனியா எத்தனை நாள் தாங்குவே?" என்று கேட்டுக்கொண்டே கொட்டகைச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு ரயிலேறினார் எங்கள் மாதர் சங்கத்தின் காரியதரிசி அம்மாள். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சென்னைப் பட்டணமே வெறிச்சோடிக்கொண்டிருந்த கோடை அது.

கூடை தூக்கிப் போகும் மீன்காரத் தாய்மாரின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் கொட்டகை அது. பதினெட்டுக் குழந்தைகள். பலருக்கு அங்கே கிடைக்கும் மதியக் கஞ்சிதான் அன்றைய முதல் சாப்பாடு. நானும் மீன்காரர் வீட்டுப் பெண்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அந்தப் பெருமையில், "நடத்திக் காட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

ரசீதுப் புத்தகத்தோடு மயிலாப்பூரில் தெருத் தெருவாக அலைந்தேன். போன வீடெல்லாம் பூட்டு. வியாழக்கிழமை மதியம் அரிசிப் பானையின் அடி தெரிந்துவிட்டது.

அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. எங்கள் குப்பத்தில் மாதா கோயில் திருவிழாவுக்கென்று ஒவ்வொரு கட்டுமரமும் ஒரு மீனை ஒதுக்கும். குழந்தைகளுக்கும் அப்படி ஒதுக்கினால், அதை விற்று அரிசி வாங்கலாமே? இதுவரை எங்கள் சங்கம் குப்பத்தாரிடம் எதுவும் கேட்டதே இல்லை.

மறுநாள் விடிந்ததும் ரசீதுப் புத்தகத்தோடு கரைக்குப் போனேன். முதல் கட்டுமரம் எங்கள் பக்கத்து வீட்டு அத்தையுடையது. மீனை மணலில் கொட்டியதுமே நான் குனிந்து, "அத்தை, இந்த வஞ்சிரத்தைக் கொட்டகைப் பிள்ளைங்களுக்குக் குடு" என்று கையை நீட்டினேன்.

அத்தை நிமிர்ந்தாள்.

"இன்னாம்மே! இன்னும் போணியே ஆவல, கைய நீட்டிக்கினு வந்து நிக்கிற? நாலெழுத்து படிச்சதும் இது கூடவா மறந்து பூட்ச்சி?"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முதல் வியாபாரம் ஆகும் முன் சும்மா கொடுத்தால் அன்றைய பிழைப்பே போய்விடும் என்பது எங்கள் வீட்டில் தவழும் குழந்தைக்கும் தெரியும். சுற்றிலும் எல்லாப் பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை மறுத்துவிட்டால் வேறு ஒருத்தியும் கொடுக்கமாட்டாள். அடுத்த கட்டுமரமும் அலையில் ஏறி வந்துகொண்டிருந்தது. எனக்கோ திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் குழந்தைகள் வந்துவிடுவார்களே.

முந்தானையில் டிராமுக்காக முடிந்திருந்த ஓரணாவை அவிழ்த்தேன்.

"மன்னிச்சுக்க அத்தை. எனக்கு நெத்திலி குடு. நான் போணி பண்றேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு கை நெத்திலியை அள்ளிக் கொடுத்தாள்.

"இப்ப கேளு."

கேட்டேன். வஞ்சிரத்தைத் தூக்கி என் ரசீதுப் புத்தகத்தின் மேலேயே போட்டாள். "ஏலம் கூவத் தெரியுமா, இல்ல அதுவும் மறந்துட்டியா டீச்சரம்மா?" என்று சிரித்தாள்.

பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்டுவிடக்கூடாதென்று வருடக்கணக்காக அடக்கி வைத்திருந்த என் அம்மாவின் குரலில் கூவினேன். அடுத்தடுத்த கட்டுமரங்களும் ஒவ்வொரு மீன் போட்டன. அன்று கஞ்சி கொஞ்சம் தாமதமாக வெந்தது, அவ்வளவுதான்.

அந்த ரசீதுப் புத்தகத்தின் அட்டையில் இன்னும் செதில் ஒட்டியிருக்கிறது. நான் எந்த வீட்டுப் பெண் என்பதை மறந்துவிட்டு யாரிடமும் உதவி கேட்கப் போகக்கூடாது என்பதை அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். நேற்று கொட்டகைக் கஞ்சிக்குக் காய்கறி கேட்க மாம்பலம் கடைத்தெருவுக்குப் போனேன். முதல் கடையில் ஓரணாவுக்குக் கீரை வாங்கிய பிறகுதான் குழந்தைகளைப் பற்றிப் பேச வாயைத் திறந்தேன்.