பத்தாயத்துக்குள் ஒரு தும்மல்

போன செவ்வாய்க்கிழமை. நான் இட்லியில் கை வைத்த நேரம் பார்த்து போன்.

"நீங்க எழுதினதைப் பாத்துட்டு அந்த நாவலை வாங்கினேன் சார். அதை எழுதினவருக்கு இந்த விஷயத்தை யார் சொன்னது?"

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கோமதி அம்மாள். எழுபதைத் தாண்டியவர். நான் சிபாரிசு செய்யும் சரித்திர நாவல்களை ஒன்று விடாமல் படித்துவிட்டு, 'இளவரசியின் வயசுக் கணக்கு உதைக்கிறதே' என்று சண்டைக்கு வருகிறவர். அன்றைக்குக் குரலில் சண்டை இல்லை.

இதே பக்கத்தில் சொல்லியிருந்தேனே… ராஜா, குதிரை, சுரங்கப்பாதை எல்லாம் போதும், ஒரு மாறுதலுக்கு நம் அப்பா காலத்துச் சரித்திரத்தைப் படியுங்கள் என்று? அந்த நாவல்தான். கழக ஆட்சி வந்த புதிது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு ஆட்கள் அறுப்புக்கு இறங்க மறுக்கிறார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவருகிறார். கைகலப்பு. அடியாட்கள் துரத்த, சங்கத்து ஆள் ஒருவன் மிராசுதார் வீட்டுக் கொல்லையிலேயே வந்து விழுகிறான். வீட்டின் புது மருமகள் அவனைப் பத்தாயத்துக்குள் — நெல் கொட்டி வைக்கிற அந்தப் பெரிய மரப்பெட்டிக்குள் — ஒளித்து வைக்கிறாள்.

"உள்ளேருந்து அவன், 'அம்மா, தும்மல் வருது'ங்கறானே… அந்த இடம் சார்."

"பிரமாதமான இடம்!"

"அந்த மருமக நான்தான்."

இட்லி ஆறிப்போனது.

"அந்தத் தும்மலை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. என் வீட்டுக்காரர்கிட்டகூட."

நாவலாசிரியர் இப்போது இல்லை. அந்தக் காட்சி எங்கே கிடைத்தது என்று ஒருமுறை அவரைக் கேட்டிருக்கிறேன். "மத்தியானத் தூக்கத்துல யாரோ பலகையைத் தட்டற சத்தம் சார். முழிச்சேன்… எழுதிட்டேன்" என்றார். எழுத்தாளர்கள் அப்படித்தான் அளப்பார்கள் என்று சிரித்தேன்.

"பத்தாயத்துல இருந்தவனுக்கு மாரிமுத்துன்னு பேரு. அவனோட பொண்ணு மன்னார்குடியில ஸ்கூல் ஹெச்.எம்மா இருக்கு. போய்ச் சொல்லிடணும். தனியாப் போகப் பயமா இருக்கு. நீங்கதானே படிக்கச் சொன்னீங்க? கூட வாங்க."

மறுநாள் தஞ்சாவூரில் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரே யோசனை. ராஜா காலத்துக் கொலைகளை எவ்வளவு ஜாலியாகப் படிக்கிறோம்! ஏன்? செத்தவனின் மகள் அடுத்த தெருவில் குடியிருக்க மாட்டாள் — அந்தத் தைரியம்தான்.

ஹெச்.எம். செல்வி எங்களை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். கோமதி அம்மாள் டம்ளரைத் தொடவில்லை.

"அடியாளுங்க கூடத்துல உக்காந்துட்டாங்க. தும்மல் வருதுன்னான். பொறுத்துக்கப்பான்னேன். அந்த நேரம் பாத்து களத்துலேருந்து நெல்லு வந்துடுச்சு. மேல்பலகையத் திறந்து மூட்டை மூட்டையாக் கொட்டறாங்க. உள்ளே ஆள் இருக்கறது அவங்களுக்குத் தெரியாது. சொன்னா கூடத்துல இருக்கறவங்க வெட்டிப் போட்டுடுவாங்க. சொல்லலேன்னா…" மூச்சு வாங்கினார். "கொஞ்ச நேரம் தட்டினான்மா. அப்புறம் தட்டல."

பிணத்தை வீட்டு ஆண்கள் பாமணி ஆற்றங்கரை மூங்கில் புதரில் புதைத்திருக்கிறார்கள். போலீஸுக்குப் பயந்து பம்பாய்க்கு ஓடிவிட்டான் என்று ஊருக்குச் சொல்லியாயிற்று.

செல்வி அழவில்லை.

"எங்க அம்மா சாகற வரைக்கும் அரிசிப் பானைய மூட விட்டதில்ல. எலி வரும், பூச்சி வரும்… கேக்காது. மூடினா உங்கப்பனுக்கு மூச்சு முட்டும்டின்னு சொல்லும். பைத்தியம்னு நெனச்சேன்."

அறையில் ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எனக்கு முதுகெல்லாம் வியர்வை.

"இடத்தைக் காட்டுறீங்களா?" என்றார் செல்வி.

ஆட்டோ பிடித்துப் போனோம். உச்சி வெயில். ஆற்றில் தண்ணீர் இல்லை. ஆள் நடமாட்டமும் இல்லை. மூங்கில்கள் அப்படியே நின்றன. ஓர் இலை அசையவில்லை. கோமதி அம்மாள் கையை நீட்டிக் காட்டினார். செல்வி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களாவது காப்பாத்தப் பாத்தீங்களேம்மா" என்றார். அவ்வளவுதான், அம்மாள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் புதர் ஓரம் போய் நின்றார் செல்வி. என் பக்கம் திரும்பினார்.

"பொறந்ததுலேருந்து நான் யாரையும் அப்பான்னு கூப்பிட்டதில்ல சார். ஒருதரம் கூப்பிட்டுப் பாக்கறேன்."

கூப்பிட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பயம்தான்… பதில் வந்துவிட்டால்?