பஸ் தள்ளியதற்குச் சாட்சி கேட்ட பிள்ளை

இன்று பிரிக்பீல்ட்ஸ் கடையில் டீ குடிக்கும்போது, பள்ளிச் சீருடையில் ஒரு பெண் பிள்ளை வந்தாள்.

“அங்கிள், ஸ்கூல்ல பத்திரிகை எழுதச் சொல்லித் தர்றாங்க. உங்கள பேட்டி எடுக்கலாமா?”

இத்தனை பேர் இருக்க என்னை ஏன்? அப்போதே சந்தேகம். ஆனாலும் கிள்ளான் வெள்ளத்தில் நான் தனியாளாக பஸ்ஸைத் தள்ளிக் கரைசேர்த்ததைச் சொன்னேன்.

“சூப்பர் அங்கிள்! ஆன்டி நம்பர் குடுங்க.”

“எதுக்கும்மா?”

“இன்னொரு ஆள்கிட்டயும் கேட்டுட்டுதான் எழுதணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க லா.”

பெரியவர்களை நம்பாதே என்று ஒரு பாடமா? அந்த டீச்சரை யார் தூண்டிவிட்டதோ! தயங்கினால் தப்பாக நினைப்பாளே என்று கொடுத்தேன்.

வீட்டுக்குள் கால் வைக்குமுன் மனைவி கேட்கிறாள்: “எந்த பஸ்சுங்க? வெள்ளம் வந்த அன்னைக்கு நீங்க நம்ம வீட்டு மேசை மேலதானே ஏறி உக்காந்திருந்தீங்க?”

அந்த பஸ்ஸில் வந்தவர்கள் யாராவது இருந்தால் உடனே கீழே கமெண்டில் எழுதுங்கள். நாளைக்குப் பள்ளிப் பத்திரிகை அச்சுக்குப் போகிறதாம்.