தொட்டால் சுரக்கும்

முதியோர் பகல் பராமரிப்பு மையத்துல வேலை பாக்குறவங்களுக்கு ரெண்டு காது போதாதுங்க. ஒண்ணு வயசானவங்களுக்கு, இன்னொண்ணு அவங்க பிள்ளைங்களுக்குப் போயிடும், நம்ம வீட்டுக்காரர் பேசுறதக் கேக்க எதுவும் மிச்சம் இருக்காது. மலேசியாவுல சிம்பாங் ரெங்கம்கிற ஊருல ஒரு கடைவீட்டுல நடக்கிற அப்படிப்பட்ட மையத்துல நான் தாதி. எல்லாருக்கும் 'மிஸ்ஸி'. வீட்டுல வயசானவங்கள வச்சுக்கிட்டு முழி பிதுங்குறவங்களே, இந்தக் கதையெல்லாம் உங்களுக்குத்தான்.

ஊசியா, மாத்திரையா?

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் நான் ஒரு சின்னப் பாடம் நடத்துவேன். அன்னிக்கு மூளையில சுரக்கிற ஹார்மோன் பத்தி. "நம்ம மூளையே சில மருந்து தயாரிக்குது. ராத்திரி தூக்கம் வர ஒண்ணு. பாசமானவங்க பக்கத்துல இருந்தா, ஆசையா தொட்டா சுரக்குறது ஒண்ணு, அது பேரு ஆக்ஸிடோசின். பதற்றம் குறையும், மனசு லேசாகும். வயசான காலத்துல உடம்பு நல்லா இருக்க இதெல்லாம் வேணும். எங்க, பக்கத்துல இருக்கிறவங்க கைய கொஞ்ச நேரம் பிடிச்சுக்குங்க"ன்னேன்.

அலமாக்! ஒருத்தரும் அசையல. கோயில்ல உக்கார்ற மாதிரி ஆம்பளைங்க இந்தப் பக்கம், பொம்பளைங்க அந்தப் பக்கம்னு நானேதான் நாற்காலி போட்டு வச்சிருந்தேன். அப்பதான் கூச்சமில்லாம இருப்பாங்கன்னு நினைப்பு. எண்ணெய்ப்பனை ஆலையில லாரி ஓட்டி ரிட்டையர் ஆன பெருமாள் அங்கிள் ரெண்டு கையையும் மடியில ஒளிச்சுக்கிட்டாரு. அந்தப் பக்கம் அவரு சம்சாரம் அஞ்சலை ஆன்ட்டி கைக்குட்டையால வாய மூடிக்கிட்டுச் சிரிச்சாங்க. வாத்தியாரா இருந்த செபஸ்தியார் அங்கிள் கை தூக்கிக் கேட்டாரு: "கை பிடிக்கிற வேலையெல்லாம் வேணாம் மிஸ்ஸி, இத ஊசியா போட முடியாதா?"

வாத்தியார் தூங்கிட்டாரு

அதே வாத்தியாருக்கு ராத்திரி தூக்கமே வராது. மருமக ரோசி புலம்பித் தள்ளிட்டாங்க. விசாரிச்சா, சூடு உள்ள வரும்னு வீடு முழுக்கத் திரை. அந்த இருட்டுல டிவி முன்னால மத்தியானம் வரைக்கும் குறட்டை. மூளை பாவம் லா, எது பகல் எது ராத்திரின்னு தெரியாம, தூக்க ஹார்மோன எப்ப சுரக்கிறதுன்னே குழம்பிப் போயிருக்கு.

"காலைலயே கொண்டு வந்து விடுங்க"ன்னேன். வாசல்ல நாற்காலி போட்டு இளவெயில்ல உக்கார வச்சேன். பக்கத்துல கார் கழுவுற கடை. அங்க வேலை செய்றவங்கள "அந்த டயர இன்னும் தேய்ங்கப்பா"ன்னு அதிகாரம் வேற. பகல் தூக்கத்தையும் குறைச்சோம். கொஞ்ச வாரம் கழிச்சு ரோசி கண்ணெல்லாம் சிவந்து வந்து நின்னாங்க. "ஐயோ, வாத்தியாருக்கு என்னாச்சு?"ன்னேன். "மாமா ராத்திரி அசந்து தூங்கிட்டாரு மிஸ்ஸி. சத்தமே இல்லையேன்னு பயந்து, மூக்குல விரல் வச்சுப் பாத்துப் பாத்து நான்தான் தூங்கல."

ஆளுக்கு ஒருத்தர்

அஞ்சலை ஆன்ட்டி குளியலறையில வழுக்கி விழுந்ததுல இருந்து பிள்ளைங்களுக்குக் கவலை. நியாயமான கவலைதான், நான் குத்தம் சொல்ல மாட்டேன். அவங்களும் பெருமாள் அங்கிளும் இனிமே தனியா இருக்க வேணாம், அப்பா ஜொகூர் பாருல மகன் குமார் வீட்டுக்கு, அம்மா சாஆவுல மக வீட்டுக்குன்னு முடிவாச்சு. ரெண்டு வீட்டுலயும் இடம் கம்மி. மாசக் கடைசில கூட்டிட்டுப் போறதா ஏற்பாடு.

அன்னியிலிருந்து ஆன்ட்டிக்குப் பிரஷர் ஏறிக்கிட்டே இருந்துச்சு. மாத்திரை ஒழுங்கா போடுறாங்க, உப்பு குறைச்சாச்சு, டாக்டரும் பாத்துட்டாரு. ஒருநாள் ஒரு பக்கம் மேல சுத்துற காத்தாடி கெட்டுப் போச்சுன்னு நாற்காலிய எல்லாம் ஒண்ணா தள்ளிப் போட்டோம். ஆன்ட்டி அங்கிள் பக்கத்துல உக்காந்தாங்க. அன்னிக்குப் பிரஷர் இறங்கியிருந்துச்சு. மிஷின் கோளாறோன்னு மறுபடி எடுத்தேன், அதேதான். ஹார்மோன்தான் காரணம்னு சத்தியம் பண்ண நான் டாக்டர் இல்ல. ஆனா பாடம் நடத்துனதும் நான், பிரிச்சு உக்கார வச்சதும் நான், என் தலையில நானே கொட்டிக்கணும்.

"மக வீட்டுக்குப் போக பயமா இருக்கா ஆன்ட்டி?"ன்னு கேட்டேன். அவங்க கண்ணு கலங்கிடுச்சு. "எனக்கென்ன மிஸ்ஸி. அவருக்குத்தான் காது மந்தம். நான் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டேன்ல, டம்ளர்ல கரண்டியால தட்டுவேன், திரும்பிடுவாரு. மருமகளுக்கு அது தெரியாதே."

நாடி

மறுநாளே ஜோடி ஜோடியா நாற்காலி போட்டேன். போட்டு என்ன? நம்ம அங்கிள் பக்கத்துல உக்காருவாரு, கைய மட்டும் தொட மாட்டாரு. கல்யாணத்தன்னிக்குப் பிடிச்சதோட சரி போல. ஒருநாள் நைசா என்கிட்ட வந்து, "மிஸ்ஸி, நாடி எப்படிப் பாக்குறது? சொல்லிக் குடுங்க, இவளுக்கு நானே பாத்துக்கிறேன்"னாரு. மணிக்கட்டுல விரல் வைக்கிறது, வாட்சப் பாத்து எண்ணுறது எல்லாம் காட்டுனேன். அதுல இருந்து காலைல பசியாறுனதும் நாடி, தேத்தண்ணி குடிச்சதும் நாடி. ஆன்ட்டி வெக்கப்பட்டுக்கிட்டே கைய நீட்டுவாங்க. வைத்தியம்னு வந்துட்டா யாரு என்ன சொல்லப் போறா?

மாசக் கடைசில அப்பாவக் கூட்டிட்டுப் போக குமார் வந்தாரு. தினமும் பாலம் கடந்து சிங்கப்பூர் வேலைக்கு ஓடுற மனுஷன், முகமெல்லாம் களைப்பு. பிரஷர் கதையச் சொல்லி, "சேர்த்து வச்சுப் பாக்க முடியாதாய்யா?"ன்னு கெஞ்சாத குறையா கேட்டேன். "இடம் இல்லையே மிஸ்ஸி"ன்னாரு.

உள்ள போனோம். அங்கிள் ஆன்ட்டியோட மணிக்கட்டப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. ஆன்ட்டி கண்ண மூடி அவரு பக்கமா சாஞ்சிருந்தாங்க. அப்பா, அம்மாவோட கையப் பிடிச்சு குமார் ஒருநாளும் பாத்ததில்லையாம். அப்பா காது பக்கம் குனிஞ்சு, "என்னப்பா பண்றீங்க?"ன்னாரு.

"நாடி பாக்குறேன்."

"கையில வாட்ச் இல்லையே, எப்படிப்பா எண்ணுவீங்க?"

அங்கிள் கைய விடல, நிமிந்தும் பாக்கல. "எண்ணுறதுக்காடா பிடிச்சிருக்கேன்?"

போன் வந்துச்சு

குமார் வாசலுக்குப் போனாரு. அப்புறம் தங்கச்சிக்குப் போன் போட்டாரு. அன்னிக்கு அவரு கார்ல அங்கிளும் ஆன்ட்டியும் சேர்ந்தேதான் ஏறுனாங்க. குமாரும் அவரு மனைவியும் பெரிய ரூமக் குடுத்துட்டு, பிள்ளைங்க ரூமுல பாய் விரிச்சுப் படுக்கிறாங்க. வாரக் கடைசில மக வந்து பாத்துக்கிறாங்க. எங்க மையத்துல ரெண்டு நாற்காலி காலியா கிடக்கு, எனக்குச் சந்தோஷமும் அழுகையும் ஒண்ணாவே வருது. போன வாரம் குமார் மனைவி எனக்குப் போன் பண்ணாங்க: "மிஸ்ஸி, மாமாவக் கூப்பிட இப்ப எங்க வீட்டுல எல்லாருமே டம்ளரத்தான் தட்டுறோம்."

இவ்வளவும் பாத்துட்டு, அன்னிக்கு வீட்டுக்குப் போய் நான் ஆசையா எங்க வீட்டுக்காரர் மணிக்கட்டப் பிடிச்சா, "என் ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்ல என்ன வந்திருக்கு, மறைக்காம சொல்லு"ன்னு அந்த மனுஷன் வேர்த்து விறுவிறுத்துப் போனதப் பாத்தா, அவருக்குச் சுரந்தது வேற ஹார்மோன்னு நினைக்கிறேன்.