புளியமரத்தில் பாதி வளையம்

எண்பத்து மூன்றில், ஜவ்வாது மலையில் ஆற்றோரம் புதிதாகப் பூங்கா திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போளூரில் பஸ் ஏறிப் போனேன். சுற்றுவட்டாரத்து நடுகற்களைக் கொண்டுவந்து ஒரு தகரக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மரங்களுக்கெல்லாம் இடுப்புயரத்தில் வெள்ளை வளையம். ஒரு பெரிய புளியமரத்துக்கு மட்டும் பாதிதான்: பாதைப் பக்கம் வெள்ளை, ஆற்றுப் பக்கம் சேறு. சர்க்கார் வேலைதானே, பாதியில் சாப்பிடப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மரத்தடியில் புளி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆபீசுலேர்ந்து வர்றீங்களா?"

இல்லை என்றேன். நம்பவில்லை. பையைத் திறந்து கட்டுச்சோற்றைக் காட்டிய பிறகுதான் பேச்சு வந்தது.

அந்த மரத்துப் புளிதான் அவளுக்குச் சோறு. சாமை பொய்த்த வருஷத்திலும் சந்தவாசல் கடைக்குப் புளியைச் சுமந்துபோய் அரிசியோடு திரும்புவாள். முன்பு அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்தன மரம் நின்றது. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வந்து அதில் வெள்ளை பூசிவிட்டுப் போனார். அடுத்த வாரம் மரமும் இல்லை, வேரும் இல்லை, குழிதான் இருந்தது.

அதனால் பூங்காக் காவலாள் தாண்டவராயன் வாளியோடு வந்து புளியமரத்துக்கு வளையம் போட்டபோது அவளுக்கு அந்தக் குழிதான் ஞாபகம் வந்தது. "சும்மா அடையாளத்துக்குத்தாம்மா" என்று சிரித்தானாம். காக்கிச் சட்டை சிரித்தால் அவளுக்குச் சந்தேகம் இன்னும் கூடும். அன்று சாயங்காலமே வளையத்தை அரிவாளால் சுரண்டி, மிச்சத்தின் மேல் சேற்றை அப்பிவிட்டாள்.

சில நாளில் கோடாரி ஆட்கள் வந்தார்கள். தாண்டவராயன் அவர்களிடம் சொன்னது இவள் காதில் விழுந்தது.

"வளையம் இருக்கறத தொடாதீங்கப்பா. இல்லாததெல்லாம் வெட்டிடுங்க. வர்றவங்களுக்கு ஆறு தெரியணும்."

என் கையாலேயே என் மரத்துக்கு எமனானேனே என்று நினைத்தாள். உண்மையைச் சொன்னால் கேஸ் போடுவார்கள், சொல்லாவிட்டால் மரம் போய்விடும். அதோடு, இதுவே தன் வாயைக் கிளற அவன் சொல்லும் பொய்யாக இருந்தால்? பக்கத்து மரம் சாய்ந்த சத்தத்தில் யோசனை நின்றது. மடியிலிருந்த வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து, ஆட்கள் வரும் பாதைப் பக்கமாக விரலால் இழுத்தாள். பாதி மரத்திலேயே டப்பா காலி.

கோடாரிக்காரன் வெள்ளையைப் பார்த்தான், அடுத்த மரத்துக்குப் போனான். பின்னால் வந்த தாண்டவராயன் விரல் தடத்தைப் பார்த்தான், அவள் விரலையும் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அதையும் அவள் நம்பத் தயாராக இல்லை.

"இன்னாத்துக்கு சொல்லாம போனான்? மனசுல ஏதோ வச்சிருக்கான்."

"வளையம் போட்டா மரம் பொழைக்கும்னு தெரிஞ்சுபோச்சு. முழுசா போட்டுடலாமேம்மா?" என்று கேட்டேன்.

அவள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னிக்கு வளையம் இல்லாதத வெட்றாங்க. நாளைக்கு வேற ஆபீசர் வருவாரு, வளையம் இருக்கறத வெட்டுன்னுவாரு. அப்போ அவர ஆத்துப் பக்கமா கூட்டினு போய், வளையமே இல்லேன்னு காட்டுவேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. வெளுத்துப்போயிருந்த பாதி வளையத்தின் மேல் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினாள். பிறகு ஆற்றில் இறங்கி, ஒரு கை சேற்றை அள்ளிக்கொண்டு மரத்தின் மறுபக்கம் போனாள்.